கர்ப்பப்பை இறக்க ஆபரேஷனுக்கு அப்புறம்: வீட்டில் எப்படி இருக்க வேண்டும், எதற்கு டாக்டரிடம் ஓட வேண்டும்

கர்ப்பப்பை இறக்கத்துக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கும் பெண்களுக்காகவும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மகள், மருமகள்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வீட்டு ஆண்களும் படிப்பது நல்லது, ஏனென்றால் கீழே சொல்லப்போகும் வேலைகளில் பாதியை அவர்கள்தான் எடுத்துச் செய்ய வேண்டியிருக்கும். நான் பெண்கள் வார்டில் நர்ஸாக இருந்தவள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து சிரித்த முகமாக வீட்டுக்குப் போன சிலர், இரண்டு மூன்று மாதம் கழித்து "திரும்பவும் என்னமோ இறங்குதாப்ல இருக்கு சிஸ்டர்" என்று வந்து நிற்பார்கள். எல்லாருக்கும் காரணம் ஒன்றாக இருக்காது. ஆனாலும் உட்கார வைத்துப் பேசினால் பலரிடமும் ஒரு விஷயம் பொதுவாக இருக்கும். வலி நின்ற அன்றைக்கே குடத்தைத் தூக்கியிருப்பார்கள்.

இந்த ஆபரேஷனில் பெரும்பாலும் வயிற்றைக் கிழிப்பதில்லை. கீழ்வழியாகவே போய், இறங்கின கர்ப்பப்பையை எடுத்துவிட்டோ மேலே இழுத்துக் கட்டியோ, தளர்ந்துபோன பிறப்புவழியின் முன்சுவரையும் பின்சுவரையும் இறுக்கித் தைப்பார்கள். முன்சுவருக்கு மேலே இருப்பது மூத்திரப்பை, பின்சுவருக்குப் பின்னால் மலக்குடல். இத்தனை தையலும் உள்ளே இருக்கிறது, வெளியே ஒரு தழும்பு கிடையாது. அதனால் ஆபரேஷன் நடந்த மாதிரியே யாருக்கும் தோன்றாது. பார்க்க வரும் சொந்தக்காரர்கள் "என்ன மைனி, வயித்துல ஒரு கீறல்கூட இல்ல, இன்னும் படுத்தே கெடக்கிய?" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே எழுந்து அடுப்படிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

வலி இரண்டு மூன்று வாரத்திலேயே நன்றாகக் குறைந்துவிடும். உள்ளே தைத்த இடம் ஓரளவு கூடுவதற்கு ஆறு வாரம் ஆகும், முழுப் பலம் பிடிக்க ஏறக்குறைய மூன்று மாதம். புதிதாகப் பூசின சிமெண்டு மேலே காய்ந்து வெளுத்திருந்தாலும் உள்ளே இன்னும் இறுகாமல் இருக்குமே, அந்த நிலைமைதான் மூன்றாவது, நாலாவது வாரத்தில். உடம்பு நன்றாக இருப்பது போலத் தெரியும் அந்த நேரம்தான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டிய நேரம். "வலிக்கலையே, அப்ப செய்யலாம்ல?" என்று கேட்டால் செய்யக்கூடாது என்பதுதான் என் பதில்.

முதலில், ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போதே இரண்டு விஷயம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்று. அதில் கர்ப்பப்பையை எடுத்தார்களா, எந்தச் சுவரைத் தைத்தார்கள், வலை மாதிரி ஒரு மெஷ் வைத்தார்களா என்பதெல்லாம் இருக்கும். புரியவில்லை என்றால் அங்கேயே தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பே கிடையாது. மெஷ் வைத்திருந்தால் அது வாழ்நாள் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. கீழ்வழியாக வைக்கிற மெஷ்ஷால் வந்த சிக்கல்களைப் பார்த்துத்தான் 2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இறக்கத்துக்காக அப்படி வைக்கும் மெஷ்களை அங்கே விற்கக் கூடாது என்று நிறுத்தியது. வயிற்று வழியாக, லேப்ராஸ்கோபியில் வைப்பது வேறு வகை, அது இன்றைக்கும் நடக்கிறது. இரண்டாவது, ராத்திரி ஏதாவது ஆனால் யாருக்குப் போன் பண்ணுவது, எந்த ஆஸ்பத்திரிக்கு வருவது என்பது. ஆலங்குளத்திலிருந்தோ பாபநாசத்திலிருந்தோ திருநெல்வேலி பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து ஆபரேஷன் செய்துகொண்டு போகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். அவசரத்துக்கு அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரி போதுமா, நேரே இங்கேயே வர வேண்டுமா என்பதை முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

எடை தூக்குவது

ஐந்து கிலோவுக்கு மேல் ஆறு வாரத்துக்குத் தூக்க வேண்டாம் என்பார்கள், சில டாக்டர்கள் மூன்று மாதம் வரை என்பார்கள். சமீப காலமாகச் சிலர் கொஞ்சம் தளர்த்தியும் சொல்கிறார்கள். உங்களுக்கு ஆபரேஷன் செய்தவர் சொல்வதுதான் உங்கள் கணக்கு. ஆனால் ஐந்து கிலோ என்றால் எவ்வளவு என்று நம் வீட்டில் யாருக்கும் கண்ணில் படாது. ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் சுமார் 15 கிலோ. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம் வந்துவிட்டால் யாரும் யோசிப்பதில்லை, குனிந்து குடத்தை இடுப்பில் ஏற்றுகிற அந்த ஒரு நொடியில் அடிவயிற்று அழுத்தம் முழுக்கக் கீழேதான் இறங்குகிறது. இரண்டு வயசுப் பேரன் பத்து கிலோவுக்கு மேல். கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்ந்தால் அதைப் போல இரண்டு மடங்கு. ஈரத்துணி நிறைந்த வாளி, மாவு நிறைந்த கிரைண்டர் சட்டி, ரேஷன் அரிசிப் பை, ஆட்டுக்கு அறுத்த புல்லுக்கட்டு, எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

ஆகவே ஆபரேஷனுக்கு நாள் குறித்ததுமே வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் யார் பிடிப்பது, மாவு யார் ஆட்டுவது, துணி யார் துவைப்பது என்று பேர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். "எல்லாரும் பார்த்துக்குவோம்" என்றால் கடைசியில் அவரே செய்வார், இது நான் மறுபடி மறுபடி பார்த்தது. பேரப்பிள்ளை தூக்கச் சொல்லி அழுதால் ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளட்டும், பிள்ளையை வேறொருவர் தூக்கி மடியில் வைக்கட்டும்.

அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் கட்டும், மலச்சிக்கல் வரும், சளி கட்டும். முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் நடை, அப்புறம் வாசல்வரை, பிறகு தெருமுனைவரை என்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கீழே கனமாக, இழுக்கிற மாதிரி இருந்தால் அன்றைக்கு அது போதும் என்று அர்த்தம், வந்து படுத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி மெதுவாக ஏறலாம். படுக்கையிலிருந்து எழும்போது நேரே மல்லாந்தபடி எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுத்து எழுவதும் சம்மணம் போட்டு நெடுநேரம் உட்காருவதும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், கட்டிலுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

முக்காமல் வெளிக்குப் போவது

என்னைக் கேட்டால் எடையைவிட இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். குடம் தூக்குவது கண்ணுக்குத் தெரியும், வேறு யாராவது பார்த்துத் தடுத்துவிடுவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு முக்குவதை யார் பார்க்கப்போகிறார்கள்? தினமும் முக்கினால் புதுத்தையலை உள்ளிருந்து தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம்.

ஆபரேஷனுக்குக் கொடுத்த மயக்க மருந்து, வலி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை மூன்றுமே மலத்தை இறுக்கக்கூடியவை. அதோடு நம் ஊர்ப் பத்தியமும் சேர்ந்துகொள்கிறது. "தண்ணி நெறைய குடிச்சா தையல் சீழ் வச்சிரும்", "கீரை ஆகாது", "கிழங்கு வாயு" என்று சொல்லி, ரசமும் சோறும் பால் ரொட்டியுமாகக் கொடுப்பார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் தண்ணீர் குடிப்பதால் தையல் சீழ் பிடிக்காது. இதயம், சிறுநீரகத்தில் கோளாறு இருந்து டாக்டர் அளவு சொல்லியிருந்தால் ஒழிய, ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை நாள் முழுக்கப் பிரித்துக் குடிக்க வேண்டும். முருங்கைக்கீரை, அவரை, பீர்க்கங்காய், கொய்யா, பப்பாளி, கேழ்வரகுக் கூழ், எல்லாம் சாப்பிடலாம். நம் ஊர்க் கூட்டாஞ்சோறில் காய், பருப்பு, முருங்கைக்கீரை எல்லாம் சேர்ந்தே இருக்கிறது, காரத்தைக் குறைத்துச் செய்து கொடுங்கள். உளுந்தஞ்சோறும் முட்டையும் மீனும் காயம் ஆறத் தேவையான புரதத்தைக் கொடுக்கும். சர்க்கரை உள்ளவர்கள் பழத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளவும், சர்க்கரை ஏறினால் தையல் ஆறாது, கிருமியும் சீக்கிரம் தொற்றும்.

மலம் இளக்க டாக்டர் சிரப் எழுதிக் கொடுத்திருப்பார். "ரெண்டு நாள் சரியாப் போச்சு, நிறுத்திட்டேன்" என்பதுதான் வழக்கமாக நடப்பது. சொன்ன நாள்வரை குடியுங்கள். விளக்கெண்ணெய், பேதி மாத்திரை என்று சொந்த வைத்தியம் வேண்டாம். வயசானவர்களுக்கு நாலைந்து நாள் போகாமல் இருந்து திடீரென்று தண்ணீராக ஒழுக ஆரம்பித்தால் அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து நிறுத்த மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். கட்டி அடைத்துக்கொண்டு ஓரமாகக் கசிவதாகவும் இருக்கலாம், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உட்காரும் முறைக்கு வருகிறேன். குந்தி உட்காரும் கக்கூஸ் மட்டும்தான் வீட்டில் இருக்கிறது என்றால், நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலியை வாங்கி அதன்மேல் போட்டுக்கொள்ளலாம். மருந்துக்கடைகள் பக்கத்திலேயே ஆஸ்பத்திரிச் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும், தெரிந்தவர் வீட்டில் சும்மா கிடந்தாலும் கேட்டு வாங்குங்கள். கால் தரையில் நன்றாகப் பதியட்டும், இல்லாவிட்டால் சின்ன முக்காலியில் வைத்துக்கொள்ளட்டும். முன்னால் சாய்ந்து, முழங்கையை முட்டியில் ஊன்றி, வயிற்றைத் தளர விட்டு, வாயால் "உஸ்ஸ்" என்று மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கினால்தான் முக்கு வரும். பின்சுவரில் தையல் உள்ளவர்கள் சுத்தமான பேடை மடித்து, தையல் பக்கத்தைக் கையால் தாங்கிக்கொண்டால் பயமில்லாமல் போகலாம். வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள், உட்கார்ந்தே இருக்க வேண்டாம்.

இருமலும் இதே வேலையைத்தான் செய்யும். பழைய ஆஸ்துமா, சளி இருந்தால் அதற்கு மருந்து எடுத்தே ஆக வேண்டும். இருமலோ தும்மலோ வருவது தெரிந்த உடனே, வாயு வெளியே போகாமல் அடக்குவது போலக் கீழே இறுக்கிக்கொண்டு இருமப் பழகுங்கள்.

எது சகஜம், எது இல்லை

முதல் வாரத்தில் லேசான ரத்தம், அப்புறம் பழுப்பாக, பிறகு மஞ்சளும் வெள்ளையுமாகக் கசிவு, இது நாலு முதல் ஆறு வாரம் வரை இருக்கலாம். உள்ளே போட்ட தையல் தானாகக் கரையும். அப்போது நூல் துண்டு பேடில் வந்து விழும். "தையல் பிரிந்துவிட்டது" என்று பதறி அழுதவர்கள் உண்டு, அது கரைந்து வருகிற நூல்தான். பத்து, பதினைந்து நாள் வாக்கில் கொஞ்சம் ரத்தம் திரும்பத் தெரிவதும் பலருக்கு நடக்கும். ஆனால் ஒரு பேட் ஒரு மணி நேரத்தில் நனைந்தாலோ, பெரிய கட்டி கட்டியாக வந்தாலோ அன்றைக்கே, அந்த நேரமே கிளம்ப வேண்டும். கெட்ட வாடையுடன் கசிவு, குளிர் காய்ச்சல், நாளாக ஆக அதிகமாகும் அடிவயிற்று வலி, இதெல்லாம் உள்ளே கிருமியோ ரத்தக்கட்டோ இருப்பதன் அறிகுறி. மாசக்கணக்கில் ஆன பின்னும் கசிவும் ரத்தப்பொட்டும் நிற்கவில்லை என்றால், தையல் ஆறின இடத்தில் சின்னதாகச் சதை வளர்ந்திருக்கலாம். டாக்டர் பார்த்து மருந்து வைத்தே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார்.

கழுவ வெறும் தண்ணீர் போதும். மஞ்சள், டெட்டால், உப்பு வெந்நீர் என்று உள்ளே எதையும் விட வேண்டாம். பேட் வெளியேதான் வைக்க வேண்டும், உள்ளே எதையும் செருகக் கூடாது.

சிறுநீர் டியூபை எடுத்த பிறகு சிலருக்கு ஒன்றுக்கு வராது, அல்லது கொஞ்சம் போய்ப் பாதி உள்ளேயே நின்றுவிடும். வீக்கம் வற்றும்வரை திரும்ப டியூப் போட்டு ஒரு வாரம், இரண்டு வாரம் வீட்டுக்கு அனுப்புவார்கள். பையோடு ஊருக்குப் போக வெட்கப்பட்டு அழுகிறவர்களிடம் நான் சொல்வது, ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தம் கிடையாது, மூத்திரப்பைக்குக் கொஞ்சம் ஓய்வு தேவைப்படுகிறது, அவ்வளவுதான். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல், டியூப் மடங்காமல் இருக்கட்டும். தொடும் முன்னும் பின்னும் கை கழுவுங்கள். டியூப் இல்லாதவர்கள் அவசரப்படாமல் உட்கார்ந்து போய்விட்டு, கொஞ்சம் பொறுத்து, முன்னால் சாய்ந்து இன்னொரு தடவை போக முயலுங்கள். எரிச்சல், நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும். சொட்டுச் சொட்டாக மட்டும் போய் அடிவயிறு உப்பிக்கொண்டு வந்தால் ராத்திரியானாலும் காத்திருக்காதீர்கள்.

ரொம்பப் பேரை உடைத்துப்போடும் பின்னடைவு ஒன்று உண்டு. முன்பு இல்லாமல் இருந்துவிட்டு, ஆபரேஷனுக்குப் பிறகு இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிய ஆரம்பிக்கும். "நல்லா இருந்த உடம்பைக் கெடுத்துட்டாங்க" என்ற கோபம் நியாயமாகவே வரும். நடந்தது என்னவென்றால், முன்பு மூத்திரப்பை இறங்கி இருந்ததால் சிறுநீர்க்குழாய் மடிந்து அடைபட்டிருந்தது. கசிவு அந்த மடிப்புக்குப் பின்னால் மறைந்திருந்தது. இறக்கத்தைச் சரிசெய்ததும் குழாய் நேராகி, மறைந்திருந்த கசிவு வெளியே தெரிகிறது. ஆபரேஷனுக்கு முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டுவிடுவது பெரிய குறை. பலருக்கு மாதங்களில் குறையும், பயிற்சியால் இன்னும் குறையும், குறையாதவர்களுக்கு வேறு சிகிச்சை இருக்கிறது. ஆனால் இருமாமலேயே, படுத்தாலும் நின்றாலும் ராப்பகலாகத் தொடர்ந்து ஒழுகிக்கொண்டே இருந்தால் அது வேறு விஷயம். மூத்திரப்பையில் ஓட்டை விழுந்திருக்கலாம், உடனே காட்ட வேண்டும்.

கர்ப்பப்பையையோ, அதை எடுத்தபின் பிறப்புவழியின் மேல்முனையையோ இடுப்புத் தசைநாரில் கட்டியிருந்தால் ஒரு பக்கப் புட்டத்தில், அநேகமாக வலது பக்கம், ஆழமாக வலிக்கலாம். சில வாரங்களில் தானாகக் குறையும். கால்வரை சுரீரென்று இறங்கினாலோ கால் மரத்தாலோ சொல்லிவிடுங்கள்.

ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சிவந்து, வலித்தால் காலை அமுக்கித் தைலம் தேய்க்க வேண்டாம், ரத்தக்கட்டாக இருக்கலாம். நெஞ்சுவலியோ திடீர் மூச்சுத்திணறலோ வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பயிற்சி

இடுப்பு அடித்தசையை இறுக்கும் பயிற்சியை அமெரிக்க டாக்டர் ஆர்னால்ட் கீகல் 1948-ல் எழுதினார், அதனால்தான் கீகல் என்கிறார்கள். எப்போது தொடங்கலாம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சிலர் டியூப் எடுத்த பிறகு லேசாகத் தொடங்கச் சொல்வார்கள், சிலர் ஆறு வாரம் பொறுக்கச் சொல்வார்கள். வாயுவையும் சிறுநீரையும் சேர்த்து அடக்குவது போல உள்ளே, மேலே இழுக்க வேண்டும். புட்டமும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. மூன்று நான்கு எண்ணும்வரை பிடித்து, அதே நேரம் முழுக்கத் தளர விட வேண்டும், விடுவதும் பயிற்சியில் சேர்த்திதான். மெதுவாகப் பத்து எண்ணும்வரை கொண்டுவந்து, ஒரு நேரத்துக்குப் பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. சிறுநீர் போகும்போதே நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டாம். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். சரியாகச் செய்கிறோமா என்று சந்தேகம் இருந்தால் பெண் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரா என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டுக் காட்டிக்கொள்ளுங்கள், தப்பாகச் செய்து கீழே தள்ளுகிறவர்கள் நிறைய.

வேலைக்குத் திரும்புவது

இந்தப் பக்கத்தில் முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம், கடையநல்லூர் என்று எங்கே போனாலும் பீடி சுற்றும் பெண்கள்தான். சுளகை மடியில் வைத்து, தரையில் காலை மடக்கி, மணிக்கணக்கில் அசையாத உட்காரல். தூளின் நெடியில் தீராத இருமல். எழுந்தால் அன்றைய எண்ணிக்கை குறையும் என்று ஒன்றுக்குக்கூடப் போகாமல் அடக்குவது, அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பது, அதனால் மலச்சிக்கல். இறக்கத்துக்கு என்னவெல்லாம் ஆகாதோ அத்தனையும் ஒரே இடத்தில் இருக்கிறது. சுற்றினால்தான் கூலி, அதனால் ஓய்வெடு என்று சும்மா சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வராது.

ஆறு வாரமாவது முழுதாக நிறுத்த வேண்டும், அந்த வாரங்களின் வரவை ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். திரும்பத் தொடங்கும்போது முதுகு சாய்கிற நாற்காலியில், காலுக்கு மணை போட்டு, சுளகை மடியில் வைத்துச் சுற்றலாம். ஆரம்பத்தில் கை பழகாது, எண்ணிக்கை குறையும், பரவாயில்லை. அரை மணிக்கொரு தடவை எழுந்து நாலு எட்டு நடங்கள், பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு இருக்கட்டும். காற்றோட்டமான திண்ணையில் உட்காருங்கள், மூக்கை மறைத்துத் துணி கட்டிக்கொள்ளுங்கள். கடைக்கு இலை, தூள் வாங்கப் போவதும் கட்டுக்களைக் கொண்டுபோய்ப் போடுவதும் வேறொருவர் பொறுப்பு.

வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கு மூன்று மாதம். நடவில் நாள் முழுக்கக் குனிந்து நிற்பதும் நாற்றுக்கட்டு சுமப்பதும் ரொம்பப் பாரம். நாள் குறிக்க வாய்ப்பிருந்தால் காரோ பிசானமோ நடவு முடிந்த கையோடு ஆபரேஷனை வைத்துக்கொள்வது நல்லது. சீசனில் குற்றாலத்தில் அருவியில் நிற்பதும் தாமிரபரணியில் முங்கிக் குளிப்பதும் கசிவு முழுக்க நின்று டாக்டர் சரி என்ற பிறகுதான். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வேனில் போய்ப் பொங்கல் வைக்கிற பழக்கம் இங்கே பல வீட்டிலும் உண்டு. போகலாம், ஆனால் ஆறு வாரத்துக்குள் என்றால் வீட்டிலிருந்தே கும்பிடட்டும். அதற்குப் பிறகு என்றால் வேனில் பின்சீட்டு வேண்டாம், பானையும் விறகும் மற்றவர்கள் கையில்.

புருஷன் பெண்டாட்டி விஷயம்

இதை வார்டில் யாரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள், கேட்காததால் யாரும் சொல்லவும் மாட்டார்கள். ஆறு வாரம் கழித்து டாக்டர் உள்ளே பரிசோதித்து, ஆறிவிட்டது என்று சொல்லும்வரை உறவு வேண்டாம். அதை மனைவி ஒற்றை ஆளாகச் சமாளிக்க வேண்டியதில்லை, கணவரையும் கூட அழைத்துக்கொண்டு போய் டாக்டர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பிறகு தொடங்கும்போது முதலில் வறட்சியும் இறுக்கமும் இருக்கும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு உள்ளே போடும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் பலன் தரும். எல்லாருக்கும் அது பொருந்தாது, மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் கட்டாயம் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். வலி போகவில்லை என்றால் சொல்லுங்கள், சகித்துக்கொள்வது கடமை கிடையாது. மெஷ் வைத்தவர்களுக்குப் பல வருடம் கழித்துக்கூட அது உள்ளே துருத்திக்கொண்டு வரலாம். உறவின்போது கணவருக்குக் குத்துவது போல இருந்தாலோ, ரத்தமோ கசிவோ வந்தாலோ அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கர்ப்பப்பையை எடுத்ததால் பெண் என்ற தன்மையே போய்விட்டது, இனி உடம்பில் பலமே இருக்காது என்று மனசு ஒடிந்து போகிறவர்களும் உண்டு. கர்ப்பப்பைக்கும் கை கால் பலத்துக்கும் சம்பந்தமில்லை. சாப்பிடாமல், தூங்காமல், வாரக்கணக்கில் அழுகையாகவே இருந்தால் அதற்கும் மருத்துவம் இருக்கிறது.

திரும்பவும் இறங்கினால்

முதல் சில வாரங்களில் கீழே கட்டி போலத் தட்டுப்படுவது பெரும்பாலும் வீக்கமும் தையல் முடிச்சும்தான். குந்தி உட்கார்ந்து விரலால் தடவித் தடவிப் பார்த்துப் பயப்படாதீர்கள், பரிசோதனைக்குப் போகும்போது கேளுங்கள். மாதங்கள் கழித்து, சாயங்காலம் ஆனால் கனம் கூடி, படுத்தால் குறைந்து, உருண்டையாக ஏதோ வருவது போல இருந்தால் காட்ட வேண்டும். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நாலில் ஒருவருக்கு, சில கணக்குகளில் மூன்றில் ஒருவருக்கு, பிற்காலத்தில் அதே இடத்திலோ வேறு சுவரிலோ மீண்டும் இறக்கம் வருகிறது. முன்சுவரைத் தைத்தவருக்குப் பின்சுவர் இறங்கலாம், கர்ப்பப்பையை எடுத்தவருக்கு மேல்முனை இறங்கலாம். தசையின் இயல்பு, பிரசவங்கள், வயசு, உடல் எடை எல்லாம் சேர்ந்து வருவது இது. எவ்வளவு கவனமாக இருந்தவருக்கும் வரலாம். "நீ சும்மா இருக்காம வேலை பாத்ததுனாலதான்" என்று வீட்டில் பழி போட்டால் அடுத்த தடவை சொல்லாமல் மறைத்துவிடுவார். வெளியே வந்த சதை புண்ணாகி, சிறுநீர் அடைத்த பிறகு கொண்டுவந்து காட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அத்தனை பேரும் வெட்கப்பட்டு மறைத்தவர்கள்தான்.

தொந்தரவு இல்லாத சின்ன இறக்கத்துக்கு ஒன்றும் செய்யாமல் பயிற்சியோடு விடலாம். தொந்தரவு இருந்தால், மறு ஆபரேஷனுக்கு உடம்பு இடம் கொடுக்காதவர்களுக்கும் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கும் சிலிகான் ரிங் இருக்கிறது. உள்ளே வைத்துவிட்டால் தாங்கிப் பிடித்துக்கொள்ளும், நடமாடலாம், வேலை செய்யலாம். அளவு சரியாக அமைய ஒன்றிரண்டு தடவை மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும், முதல் ரிங் கழன்று விழுந்தால் அத்தோடு கைவிட்டுவிடாதீர்கள். டாக்டர் சொன்ன இடைவெளியில் போய்க் கழற்றி, கழுவி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்த்து மாட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் ரத்தமோ கெட்ட வாடையோ இருந்தால், ஒன்றுக்குப் போக முடியாமல் அடைத்தால், குறித்த தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே போய்விடுங்கள்.